ஒரு நாடு, மூணு கணக்கு

போன வருஷம் ஆபீஸ்ல ஒரு சின்ன ஆணி புடுங்கக் கொடுத்தாங்க. வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்குற ஒரு குழுவுக்கு, டேப்லெட்ல ஓடுற மாதிரி ஒரு படிவம் செஞ்சு தரணும். பொட்டி தட்டுற நமக்கு இதெல்லாம் ஜுஜுபி. கேள்வி வரணும், பதிலைச் சேமிக்கணும், "ஆமாம்"னா அடுத்த கேள்வி, "இல்லை"னா நாலு கேள்வி தாண்டிப் போகணும். ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம்னு மேனேஜர்கிட்ட பீத்திக்கிட்டேன்.

அவங்க அனுப்பின பட்டியல்ல ஒரே ஒரு வரி மட்டும் இடிச்சுது. பேட்டி நடக்கும்போது வேற யாராவது உள்ளே வந்தா, ஒரு தட்டு தட்டினதும் திரை மாறிடணுமாம். மாறி வர்ற பக்கத்துல குழந்தைக்கு என்ன சாப்பாடு, தண்ணி எங்கேருந்து பிடிக்கிறீங்கன்னு சாதாரணக் கேள்விகள் இருக்கணும். அதுக்குச் சொல்ற பதிலை எங்கேயும் சேமிக்கக் கூடாது. சேமிக்காத பதிலுக்கு எதுக்குய்யா கேள்வி? எழுதினவங்க தூக்கக் கலக்கத்துல எழுதிட்டாங்க போலன்னு நினைச்சு, கொஞ்சம் நக்கலாவே ஒரு சந்தேக மெயில் தட்டி விட்டேன்.

பதில் மெயில் வரலை, போனே வந்துச்சு. பேசினவங்களுக்கு எங்கம்மா வயசு இருக்கும். "தம்பி, அந்தப் பொண்ணு புருஷன் அடிச்சதைப் பத்திச் சொல்லிட்டு இருக்கா. அந்த நேரம் பார்த்து அவனே உள்ளே வர்றான். திரையில அந்தக் கேள்வி அப்படியே நின்னா, நாங்க கிளம்பின பிறகு அவ கதி என்ன?"

எனக்குப் பேச்சு வரலை. "சரிங்க மேடம், பண்ணிடறேன்"னு வச்சுட்டேன்.

ஆனா அந்த வரி மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. இப்படி ஒரு விதியை முதல்ல யோசிச்சது யாரு? எத்தனை பேர் அடி வாங்கின பிறகு இது ஒரு விதியா மாறுச்சு? தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

யாரும் எண்ணாத காலம்

வீட்டுக்குள்ள பொண்டாட்டியை அடிக்கிறதுங்கிறது மனுஷன் வீடு கட்டின நாள்லேர்ந்து இருக்கு. ஆனா அதை எண்ணிப் பார்க்கணும்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தோணினது ரொம்ப சமீபத்துலதான். போலீஸ் பதிவை வச்சு எண்ண முடியாது, ஏன்னா பெரும்பாலானவங்க ஸ்டேஷன் பக்கமே போறதில்லை. ஆஸ்பத்திரி பதிவை வச்சும் முடியாது, அங்க எல்லாரும் "படியில வழுக்கி விழுந்தவங்க"தான்.

அமெரிக்காவுல முர்ரே ஸ்ட்ராஸ்னு ஒரு சமூகவியலாளர், கூட ரெண்டு மூணு பேரோட, 1975-ல் நாடு தழுவிய அளவுல குடும்ப வன்முறை பத்தி ஒரு சர்வே எடுத்தார். 1979-ல் தன்னோட அளவுகோலை வெளியிட்டார். அதுல இருந்த சூட்சுமம் ரொம்ப எளிமை. "உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா?"ன்னு கேட்காதே. "அறைஞ்சாரா? தள்ளி விட்டாரா? உதைச்சாரா? கையில கிடைச்சதை எடுத்து எறிஞ்சாரா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேளு. ஏன்னா கொடுமைங்கிற வார்த்தைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு இருக்கு. "ஒரு அறை விட்டார், அது கொடுமையா என்ன?"ன்னு நினைக்கிறவங்க முதல் கேள்விக்கு "இல்லை"ம்பாங்க, ரெண்டாவது கேள்விக்கு "ஆமாம்"பாங்க.

இந்த அளவுகோலுக்கும் நிறைய திட்டு விழுந்துச்சு. யார் முதல்ல ஆரம்பிச்சா, யாருக்குக் காயம், யார் பயந்துட்டு வாழுறாங்கன்னு பார்க்காம அடியை மட்டும் எண்ணினா என்ன அர்த்தம்னு பெண்ணிய ஆய்வாளர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனாலும் "செயலைக் கேளு, பட்டத்தைக் கேட்காதே"ங்கிற பாடம் மட்டும் நிலைச்சுடுச்சு.

அடுத்த திருப்பம் 1990கள்ல. 1993-ல் ஐ.நா. பொதுச்சபை, பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கணும்னு பிரகடனம் போட்டுச்சு. 1994-ல் லோரி ஹெய்ஸ் என்பவரும் இன்னும் ரெண்டு பேரும் உலக வங்கிக்காக ஒரு ஆய்வறிக்கை எழுதினாங்க. வளரும் நாடுகள்ல 15-லேர்ந்து 44 வயசு வரைக்கும் உள்ள பெண்கள் இழக்குற ஆரோக்கியமான வருஷங்கள்ல சுமார் 5%, பாலியல் வன்முறையாலயும் வீட்டு வன்முறையாலயும் போகுதுங்கிறதுதான் சாராம்சம். அதுவரைக்கும் "குடும்ப விவகாரம்"னு ஒதுக்கி வச்சதை காசநோய், பிரசவ மரணம் மாதிரி ஒரு சுகாதாரப் பிரச்சினையா நிறுத்தின எழுத்து அது. 1996-ல் உலக சுகாதாரப் பேரவையும் வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினைன்னு தீர்மானம் போட்டு ஒத்துக்கிச்சு.

ஆனா பெரும்பாலான ஏழை நாடுகள்ல கையில உருப்படியான கணக்கு கிடையாது. இங்கதான் நிகரகுவா வருது.

லியோன், 1995

மத்திய அமெரிக்காவுல இருக்குற ஒரு குட்டி நாடு நிகரகுவா. புரட்சி, உள்நாட்டுப் போர்னு எண்பதுகள் முழுக்க ரத்தம். போர் முடிஞ்ச பிறகு அங்க இருந்த பெண்கள் அமைப்புகள் ஒண்ணு சேர்ந்து, வன்முறைக்கு எதிரா ஒரு வலைப்பின்னல் ஆரம்பிச்சாங்க. 1993-லேர்ந்து பெண்களுக்கான தனிக் காவல் நிலையங்கள் வர ஆரம்பிச்சுது. (நம்மூர்ல அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் வந்துச்சு, ஏறக்குறைய அதே காலம்.) வீட்டு வன்முறைக்குத் தனிச் சட்டம் வேணும்னு கேட்டாங்க. சட்டம் கேட்டா உடனே வர்ற கேள்வி என்னன்னு நமக்குத் தெரியாதா? "எத்தனை பேருக்கும்மா இப்படி நடக்குது?"

லியோன்கிறது அந்த நாட்டோட பழைய பல்கலைக்கழக நகரம். அந்தப் பல்கலைக்கழகமும் ஸ்வீடனோட உமியோ பல்கலைக்கழகமும் சேர்ந்து, பெண்கள் வலைப்பின்னலோட உதவியோட 1995-ல் ஒரு ஆய்வு செஞ்சாங்க. முன்னால நின்னு நடத்தினவங்க மேரி எல்ஸ்பெர்க். 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள 488 பெண்கள்கிட்ட பேசினாங்க. கல்யாணம் ஆனவங்க, சேர்ந்து வாழ்ந்தவங்கள்ல 52% பேர் வாழ்க்கையில ஒரு தடவையாவது துணைவன் கையால அடி வாங்கியிருக்காங்க.

ரெண்டுக்கு ஒண்ணு. நம்ம தெருவுல வீடு வீடா மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க, அப்பத்தான் உறைக்கும்.

ஆய்வறிக்கைக்கு அவங்க வச்ச பேரு "நரகத்துல மிட்டாய்". அடிச்ச கையே அடுத்த நாள் ஏதாவது வாங்கிட்டு வர்றதைப் பார்த்தவங்களுக்கு இந்தத் தலைப்புக்கு விளக்கவுரை தேவைப்படாது. 1996-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேத்துச்சு. சட்ட எண் 230. உடம்புல விழுற காயத்தோட, மனசுல விழுற காயத்தையும் குற்றமா ஏத்துக்கிட்ட சட்டம் அது.

மூணு எண்

இதுவரைக்கும் படிச்சப்ப, நல்ல ஆய்வு, நல்ல சட்டம்னு மூடி வச்சுட்டுப் போயிருப்பேன். அடுத்து வந்ததுதான் என்னை மாதிரி பக் (அதாங்க, நிரல்ல இருக்குற பூச்சி) தேடுற ஆளுங்களை நிமிர்ந்து உட்கார வைக்கிற சமாச்சாரம்.

மூணு வருஷத்துக்குள்ள அதே நாட்டுல மூணு கணக்கு. லியோன்ல 1995-ல் 52%. தலைநகர் மனாகுவாவுல 1997-ல் எடுத்த ஆய்வுல 69%. 1998-ல் நாடு முழுக்க எடுத்த மக்கள்தொகை - சுகாதாரக் கணக்கெடுப்புல 28%.

அதே ஊர்க்காரங்க, அதே காலம், கேட்டதும் ஏறக்குறைய அதே விஷயம். ஒரு கணக்குல நாலுல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல, இன்னொரு கணக்குல மூணுல ரெண்டு பேருக்கும் மேல. ஆட்சியில இருக்குறவங்க எந்த எண்ணை எடுத்துப் பேசுவாங்கன்னு நான் சொல்லணுமா என்ன? :-)

எல்ஸ்பெர்க்கும் கூட இருந்தவங்களும் மூணு தரவையும் ஒண்ணாப் போட்டு அலசி, 2001-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. எங்க பூச்சி இருக்குன்னு தேடின கட்டுரை. பெண்கள் உண்மையைச் சொல்றதை ரொம்பப் பாதிக்கிறது ரெண்டு விஷயம்னு அவங்களுக்குப் பட்டுச்சு. ஒண்ணு, பேசுறவளோட பாதுகாப்புக்குச் செஞ்சிருக்குற ஏற்பாடு. இன்னொண்ணு, பேட்டி நடக்குற சூழல். மத்த ரெண்டு ஆய்வும் வன்முறையை மட்டுமே மையமா வச்சு நடந்தது. 1998 கணக்கெடுப்புல அது நூறு கேள்விக்கு நடுவுல ஒரு பகுதி. அதனால அந்த 28% குறைவாப் பதிவான எண்ணா இருக்கவே வாய்ப்பு அதிகம்னு சொன்னாங்க. இன்னொரு விஷயமும் சொன்னாங்க. இந்த மாதிரி ஆய்வுல மிகைப்படுத்திச் சொல்லிடுவாங்களோன்னு பயப்படுறதை விட, சொல்லாம மறைச்சுடுவாங்களேன்னுதான் பயப்படணும்.

எனக்கு இதுதான் மொத்தக் கதையோட உயிர்நாடியாத் தெரியுது. அவளைப் பத்திரமா வச்சுக்கிறது அறம், தரவைச் சரியா எடுக்குறது தொழில்நுட்பம்னு நாம ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கோம். இங்க ரெண்டும் ஒரே வேலையா இருக்கு. பயத்தோட உட்கார்ந்திருக்குறவகிட்டேருந்து வர்றது தப்பான தரவு.

விதிகள் பிறந்த கதை

2001-ல் உலக சுகாதார நிறுவனம் இதை எல்லாம் விதிகளா எழுதி வெளியிட்டுச்சு. பெண்களை முதல்ல வைங்கங்கிறதுதான் அதோட தலைப்போட அர்த்தம். அதுலேயும் அதை ஒட்டி நடந்த ஆய்வுகள்லேயும் இருந்த சில ஏற்பாடுகளைப் பாருங்க.

ஒரு வீட்டுல ஒரே ஒரு பெண்கிட்டதான் இந்தக் கேள்விகளைக் கேட்கணும். மாமியார்கிட்டயும் மருமககிட்டயும் கேட்டா, என்ன கேட்டாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போயிடும். வெளியில ஆய்வோட பேரைச் சொல்லும்போது "பெண்களின் ஆரோக்கியமும் வாழ்க்கை அனுபவங்களும்"னு பொதுவாச் சொல்லணும். தனிமை இல்லைன்னா கேட்கவே கூடாது. யாராவது வந்துட்டா வேற பேச்சுக்குத் தாவிடணும். அதேதான், என்னோட அந்த வரி! கேட்டு முடிச்சுட்டு அம்போன்னு விட்டுட்டு வரக் கூடாது, உதவி எங்க கிடைக்கும்னு சொல்லிட்டு வரணும். கேட்குற பெண்களுக்கும் மனசு உடையும், அவங்களுக்கும் ஆதரவு ஏற்பாடு வேணும்.

இந்த விதிகளோட நடந்த பெரிய ஆய்வு, உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்டது. 10 நாடுகள், 24,000-க்கும் மேல பெண்கள். துணைவனால உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சவங்க, ஜப்பான் நகரத்துல 15%, எத்தியோப்பியாவோட ஒரு கிராமப் பகுதியில 71%.

அந்த ஆய்வுல ஒரு அட்டை உண்டு. 15 வயசுக்கு முன்னால யாராவது பாலியல் ரீதியாத் தொட்டாங்களாங்கிற கேள்விக்கு மட்டும், நேர்ல சொல்ற பதில் போக, வாயைத் திறக்காமப் பதில் சொல்லவும் ஒரு வழி இருந்துச்சு. அட்டையில சிரிக்கிற முகம் ஒண்ணு, அழற முகம் ஒண்ணு. ஏதாவது ஒண்ணுல குறி போட்டு, மூடிக் கொடுத்துட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியணும்னு இல்லை, கேட்டவங்களுக்கும் பதில் தெரியாது. நேர்ல "இல்லை"ன்னு சொன்ன சிலர் அட்டையில அழற முகத்துல குறி போட்டாங்க. அதனால பல இடங்கள்ல அட்டைக் கணக்கு வாய்க் கணக்கை விட அதிகமா வந்துச்சு. பயனர் இடைமுகம் வடிவமைக்கிறோம்னு சொல்லிட்டு பட்டனுக்கு நீலமா பச்சையான்னு மூணு நாள் மீட்டிங் போடுற எனக்கு, அந்த அட்டையைப் பத்திப் படிச்சதும் வெட்கமாப் போச்சு.

உடம்பு மறக்கிறதில்லை

இவ்வளவு சிரமப்பட்டுக் கேட்டதுல தெரிஞ்சது என்ன? அடியோட விளைவு அடிபட்ட இடத்தோட நிக்கலைங்கிறதுதான்.

லியோன்லயே அடுத்தடுத்து ஆய்வுகள் வந்துச்சு. கடுமையான வன்முறைக்கு ஆளானவங்களுக்கு மன உளைச்சல் வர்ற வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு அதிகம்னு 1999-ல் சொன்னாங்க. 2002-ல் வந்த ஆய்வுல எடை குறைஞ்சு பொறந்த குழந்தைகளோட தாய்மாரையும், சரியான எடையில பொறந்த குழந்தைகளோட தாய்மாரையும் ஒப்பிட்டாங்க. கர்ப்பமா இருந்தப்ப துணைவனால அடி வாங்கினவங்க முதல் வகையில 22%, ரெண்டாவது வகையில 5%. 2003-ல் வந்தது இன்னும் கொடுமை. உடல் வன்முறை, பாலியல் வன்முறை ரெண்டையும் அனுபவிச்ச தாய்மாரோட குழந்தைகள், அஞ்சு வயசுக்குள்ள இறந்து போற அபாயம் ஆறு மடங்கு வரைக்கும் அதிகம்.

பத்து நாட்டு ஆய்வுலயும் இதே தொனிதான். எப்பவோ அடி வாங்கினவங்க கூட, கடந்த நாலு வாரத்துல நடக்கச் சிரமம், வலி, தலைசுத்தல், ஞாபக மறதின்னு மத்தவங்களை விட அதிகமாச் சொன்னாங்க. அடி நின்னு பல வருஷம் ஆகியிருக்கலாம். உடம்பு கணக்கு வச்சிருக்கு.

நம்மூர்க் கணக்கு

சரி, நம்ம கதைக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வுல 1998-99-ல்தான் முதல் தடவையா இதைக் கேட்டாங்க. 15 வயசுக்குப் பிறகு யாராவது அடிச்சிருக்காங்களாங்கிற மாதிரி பொதுவான கேள்வி. "ஆமாம்"னு சொன்ன மணமான பெண்கள் 21%. 2005-06-ல் கேட்குற முறையை மாத்தினாங்க. அறைஞ்சாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடிச்சு இழுத்தாரான்னு தனித்தனியாக் கேட்டாங்க. வீட்டுக்கு ஒருத்தர்கிட்ட மட்டும், தனிமை இருந்தா மட்டும். இப்ப கணவன் கையால உடல் வன்முறையை அனுபவிச்சதாச் சொன்னவங்க 35%. ஏழு வருஷத்துல இந்திய ஆம்பளைங்க திடீர்னு கெட்டுப் போயிட்டாங்களா என்ன? கேள்வி நல்லா ஆயிடுச்சு, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் கணக்கைத் தேடிப் பார்த்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1998-99-ல் 40%, நாட்டுலயே அதிகம். 2005-06-ல் 42%. 2019-21-ல் 38%, அப்போ இந்திய சராசரி 29%. படிப்பு, ஆஸ்பத்திரி, பிரசவம்னு எதை எடுத்தாலும் நாமதான் முன்னாலன்னு மார் தட்டிக்கிற எனக்கு, இந்த ஒரு கட்டத்துல வாயடைச்சுப் போச்சு. நம்மூர்ப் பொண்ணுங்க கொஞ்சம் துணிஞ்சு சொல்றாங்களோன்னு ஒரு சமாதானம் தோணுச்சு. நிகரகுவாவைப் படிச்ச பிறகு அப்படி நினைக்க இடமும் இருக்கு. ஆனா அப்படியே இருந்தாலும் 38 ஒண்ணும் 8 ஆயிடாது. நூறு வீட்டுல முப்பத்தெட்டு. அதே 2019-21 ஆய்வுப்படி, நாடு முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்கள்ல சுமார் 77% பேர் எந்த உதவியும் கேட்டதில்லை, யார்கிட்டயும் சொன்னதும் இல்லை.

அந்த அறையில நானும் இருந்தேன்

எனக்கு எட்டு வயசு இருக்கும். எங்க லைன் வீட்டுல ரெண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தாங்க. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பாங்க. அவங்களுக்கு அடிக்கடி கை வீங்கும், உதடு கிழியும். கேட்டா "அடி பம்பு கைப்பிடி பட்டுருச்சுடா". அந்தப் பம்புல நாங்க அத்தனை பேரும்தான் தண்ணி அடிச்சோம்.

ஒரு நாள் ஏதோ சுகாதாரக் கணக்கெடுப்புன்னு ஒரு பெண் நோட்டோட வந்தாங்க. அக்கா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தாங்க. அக்காவோட மாமியார் ஒரு பக்கம், எங்க பாட்டி ஒரு பக்கம், வேடிக்கை பார்க்க நாங்க அஞ்சாறு வாண்டுகள். என்னென்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இல்லை. "உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"ன்னு கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. அக்கா மாமியாரைப் பார்த்தாங்க. "ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கேன்"னாங்க. அந்தம்மா எழுதிட்டுப் போயிட்டாங்க.

அந்த "ஒண்ணும் இல்லை" எங்கேயோ ஒரு கட்டத்துல சேர்ந்திருக்கும். ஒரு சதவீதமா மாறியிருக்கும். யாரோ ஒரு அதிகாரி அதைப் பார்த்து நிம்மதியா இருந்திருப்பார். கேட்க வந்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தனா உட்கார்ந்திருந்தேனே! எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை, தெரிஞ்ச எல்லாரும் சுத்தி உட்கார்ந்து, அவங்க வாயாலயே இல்லைன்னு சொல்ல வச்சோம்.

இருபது வருஷம் கழிச்சு

லியோன் கதையோட முடிவைச் சொல்லாம போனா தப்பாயிடும். 2016-ல் அதே நகரத்துல அதே மாதிரி திரும்பவும் கேட்டாங்க. முடிவு 2020-ல் வெளியாச்சு. வாழ்நாள்ல ஒரு தடவையாவது துணைவன் அடிச்சதாச் சொன்னவங்க ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருந்தாங்க. கடந்த 12 மாசத்துல அடி வாங்கினவங்க 28%-லேர்ந்து 8%-க்கு இறங்கியிருந்தாங்க. சட்டம், பெண்கள் காவல் நிலையம், தெருத் தெருவா வேலை செஞ்ச பெண்கள் அமைப்புகள் எல்லாம் சேர்ந்துதான் இது நடந்துச்சுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. "இதெல்லாம் காலம் காலமா இருக்குறது சார், மாத்த முடியாது"ன்னு யாராவது ஆரம்பிச்சா, இந்த ஒரு ஊரைக் காட்டலாம்.

சந்தோஷமா முடிக்க விடலை அந்த நாடு. 2012-ல் வந்த கடுமையான புதுச் சட்டத்தை, அடுத்த வருஷமே சில குற்றங்களுக்குச் சமரசம் பேசலாம்னு நீர்க்க வச்சாங்க. பெண்கள் காவல் நிலையங்களை 2016-ல் மூடிட்டாங்க, 2020-லதான் திரும்பத் திறக்க ஆரம்பிச்சாங்க. இருபது வருஷமா ஏத்தின மூட்டையை ஒரே கையெழுத்துல இறக்கி வச்சுட முடியுது.

என் ஆணிக்கு வர்றேன். அந்தப் படிவத்தை முடிச்சுக் கொடுத்தேன். திரை மாறுறதுக்கு முதல்ல ஒரு நொடிக்கு மேல ஆச்சு. ஒரு நொடிங்கிறது கதவு திறந்து ஒருத்தன் நிமிர்ந்து பார்க்குற நேரம். மூணு ராத்திரி உட்கார்ந்து, கண் சிமிட்டுற நேரத்துக்குக் கொண்டு வந்தேன். யாரும் பாராட்டலை, பாராட்ட அதுல ஒண்ணும் இல்லை. நான் எழுதின நிரல்கள்லயே, பதிலைச் சேமிக்காம இருக்குறதுதான் வேலைன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

டிஸ்கி: அக்கா இப்ப அவங்க அம்மா ஊர்ல இருக்காங்க. டியூஷன் எடுக்குறாங்களாம். போன பொங்கலுக்குப் பேசினேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். "நல்லா இருக்கேன்டா"ன்னாங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு கேட்டுட்டு, இன்னொரு தடவை கேட்டேன். சிரிச்சாங்க. "யாரும் இல்லை, நிஜமாவே நல்லா இருக்கேன்"னாங்க.